கடிக்கும் குழந்தையை முதலில் 'ஸாரி' சொல்ல வைக்காதீர்கள்

வாசகர் கடிதம்: திருப்பூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் முதல் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். வகுப்பில் 28 குழந்தைகள். பெரும்பாலோரின் பெற்றோர் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். ஐந்தரை வயதுச் சிறுவன் ஒருவன் ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்தே வாரத்துக்கு மூன்று நான்கு முறை மற்ற குழந்தைகளைக் கடித்துவிடுகிறான்; சிலேட்டை வீசுகிறான். 'ஸாரி' சொல்லச் சொன்னால் உடனே சொல்கிறான், பத்து நிமிடத்தில் மறுபடியும் கடிக்கிறான். நட்சத்திரம் ஒட்டும் அட்டை வைத்துப் பார்த்தேன். அவன் பெயருக்கு நேரே மட்டும் வெறுமையாக இருக்கிறது. போன வாரம் பொறுமை இழந்து கத்தி, அவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன். நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டான். அன்றிலிருந்து காலையில் வாசற்படியிலேயே நிற்கிறான். மற்ற பிள்ளைகள் அவனை 'நாய்' என்கிறார்கள். கடிபட்ட குழந்தையின் தாய், அவனை வேறு பள்ளிக்கு அனுப்பச் சொல்கிறார். சக ஆசிரியரோ 'அடியாத மாடு படியாது' என்கிறார். இது தவிர, ஒடியா பேசும் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி இரண்டு மாதமாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மென்மையாக இருந்து நான்தான் வகுப்பைக் கெடுக்கிறேனா?

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தின் நடுவில், வேகமாகக் கடந்துபோக வேண்டும் என்பதைப் போல ஒரே வரியில் எழுதியிருக்கும் செய்தியிலிருந்து தொடங்குகிறேன். வாசற்படியில் நிற்கும் அந்தக் குழந்தை பிடிவாதம் பிடிக்கவில்லை. இந்த அறைக்குள் போனால் இன்றைக்கு எனக்கு என்ன நடக்கும் என்று கணக்குப் போடுகிறான். அந்தக் கணக்கை மாற்றாமல் கடிப்பதை நிறுத்த எந்த வழியைக் கையாண்டாலும் அது நிலைக்காது என்பதே என் கருத்து. முப்பது ஆண்டுகளாக மழலையர் வகுப்புகளோடு பழகியவள் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

1960-களில் உளவியலாளர் வால்டர் மிஷெல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மிட்டாய்ச் சோதனையைப் பற்றி ஆசிரியர் பயிற்சியில் நீங்கள் கேள்விப்பட்டிருக்கக்கூடும். ஒரு மிட்டாயைக் குழந்தையின் முன்னே வைத்துவிட்டு, 'நான் திரும்பி வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு கிடைக்கும்' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். காத்திருந்தால் தன்னடக்கம் உள்ள குழந்தை, காத்திருக்காவிட்டால் இல்லாத குழந்தை என்றே பலகாலம் பேசி வந்தோம். ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதே சோதனையை 28 குழந்தைகளிடம் சிறு மாற்றத்தோடு செய்து 2013-இல் வெளியிட்டார்கள். மிட்டாயை வைப்பதற்கு முன்பே, 'இதைவிட நல்ல வண்ணப் பென்சில் கொண்டுவருகிறேன், கொஞ்சம் பொறு' என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டுப் போனார். பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடியே கொண்டுவந்தார், மீதிப் பாதிக்கு 'இல்லையே' என்று வெறுங்கையோடு திரும்பினார். அதன் பிறகு மிட்டாயை வைத்தபோது, சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்திருந்தார்கள். ஏமாந்த குழந்தைகள் 3 நிமிடம்தான். நாம் பொறுமை என்று பெயரிட்டிருப்பதில் பெரும்பங்கு, எதிரே இருக்கும் பெரியவர்மேல் குழந்தை வைத்திருக்கும் நம்பிக்கைதான் என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஆகவே முதல் வேலை உங்களுடையது. வகுப்பு தொடங்குவதற்கு முன்பு, யாரும் அருகில் இல்லாத ஒரு நேரத்தில், அவன் உயரத்துக்கு உட்கார்ந்துகொண்டு, 'அன்னிக்கு டீச்சர் ரொம்பக் கத்திட்டேன், உன்னை வெளியே நிக்க வச்சேன். நீ பயந்துட்ட. அது என் தப்பு. இனிமே உன்னை வெளியே அனுப்ப மாட்டேன்' என்று சொல்லுங்கள். 'ஆனா நீ கடிச்சதாலதானே' என்று ஒட்டுப் போடாதீர்கள். அந்த 'ஆனா' முன்னால் சொன்ன அத்தனையையும் அழித்துவிடும். அவன் பதில் சொல்லவேண்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். உங்கள் பக்கத்தில் குழந்தையையும் 'வாங்க சாமி' என்று மரியாதையோடு கூப்பிடும் நல்ல வழக்கம் உண்டு. மறுநாள் காலையில் வாசற்படியில் அவனை அப்படிக் கூப்பிட்டு, கையில் ஒரு சிறு வேலையைக் கொடுத்து உள்ளே அழைத்து வாருங்கள். சாக்பீஸ் டப்பாவை மேசைமேல் வைப்பது, சன்னல் கொக்கியை மாட்டுவது போன்ற ஒரு வேலை போதும், ஆனால் தினமும் அதே வேலையாக இருக்கட்டும். அதோடு, ஒரு வாரத்துக்கு உங்கள் வாயிலிருந்து வரும் 'அப்புறம் தரேன்', 'நாளைக்குப் பாக்கலாம்' என்ற சொற்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். அவற்றில் பாதியை நாம் மறந்துவிடுகிறோம், குழந்தைகள் மறப்பதில்லை.

இனி, கடிப்பதைப் பற்றிப் பேசலாம். ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை குழந்தைகள் கடிப்பது சாதாரணம். சொல் வரும் முன்னே பல் வந்துவிடுகிறது. ஐந்தரை வயதில் ஒரு குழந்தை வாரத்துக்கு நான்கு முறை கடித்தால், அது எங்கிருந்து வருகிறது என்று தேடிப்பார்க்க வேண்டியதுதான். ஒரு நாற்பது பக்க நோட்டில் பத்து நாளைக்கு எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், அதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது, அருகில் யார் இருந்தார்கள். ஏன் என்று எழுத வேண்டாம், அது பிறகு தானே தெரியவரும். காலை உணவுக்கு நேரம் தவறி வரும் நாள்களிலா, தட்டுக் கழுவும் குழாயடி நெரிசலிலா, மணி அடித்தவுடனா? திங்கட்கிழமைகளில் அதிகமா? தாய் தந்தை இருவரும் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் வீட்டில், அவர்கள் வந்து சமைத்து, குழந்தை உண்டு உறங்க இரவு பதினொரு மணி ஆகிவிடலாம்; தூக்கம் போதாத ஐந்து வயதுக் குழந்தை சோர்ந்து படுத்துவிடாது, மாறாகத் துள்ளும், சீறும். இதை மறுக்கமுடியாத அளவுக்கு எத்தனையோ வகுப்புகளில் பார்த்திருக்கிறேன்.

அவன் காது நன்றாகக் கேட்கிறதா என்பதையும் அவசியம் பார்க்கச் செய்யுங்கள். என் முதல் ஆண்டுப் பணியில், கூப்பிட்டால் திரும்பாத, பக்கத்தில் வருகிறவர்களைத் தள்ளிவிடுகிற ஒரு சிறுவனைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தேன். ஒரு மாதம் கழித்துத்தான் அவன் காதில் சீழ் வடிவது தெரிந்தது. பின்னாலிருந்து யார் வருவதும் அவனுக்குக் கேட்காததால் ஒவ்வொரு தொடுதலும் திடுக்கிட வைத்திருக்கிறது. அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் வரும் பள்ளிச் சிறார் மருத்துவக் குழுவிடம் இவன் பெயரைத் தனியாகச் சொல்லுங்கள். அவர்கள் வந்துபோய்விட்டார்கள் என்றால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரை அழையுங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து உதவும், மாவட்ட அரசு மருத்துவமனையில் உள்ள தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். பேச்சு வயதுக்குத் தகுந்தபடி இல்லை, தன்னையே கடித்துக்கொள்கிறான், உடம்பில் விளக்கம் சொல்லமுடியாத காயம் இருக்கிறது என்றால் பத்து நாள் காத்திருக்க வேண்டாம். கடைசியாகச் சொன்னது கண்ணில் பட்டால் தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைப்பது உங்கள் கடமை.

கடிக்கும் அந்த நிமிடத்தில் என்ன செய்வது? பென்சிலுக்காகச் சண்டை வந்து, அவன் பக்கத்துக் குழந்தையின் முன்கையைக் கடித்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் போய் உட்காருங்கள், நிற்காதீர்கள். முதலில் உங்கள் முகம் கடிபட்ட குழந்தையின் பக்கம் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் கடித்தால்தான் டீச்சர் முழுதாக நம்மைப் பார்ப்பார் என்று இன்னொரு பாடத்தையும் கற்றுக்கொடுத்தவர்கள் ஆவோம். ஒரு கையால் அவன் தோளையோ கையையோ அழுத்தாமல் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் மூன்று சிறு வாக்கியங்கள் மட்டும் சொல்லுங்கள்: 'பென்சிலை எடுத்துட்டான், கோவம் வந்துருச்சு. கடிச்சா அவனுக்கு வலிக்கும். நான் கடிக்க விட மாட்டேன்.' அவ்வளவே. ஏன் கடித்தாய், எத்தனை முறை சொல்வது, உன் அம்மாவைக் கூப்பிடட்டுமா என்ற கேள்விகளுக்கு அந்த நேரத்தில் அவனிடம் விடை கிடையாது. சீற்றத்தின் உச்சத்தில் இருக்கும் மூளையில் நியாயம் கேட்கும் பகுதி சரியாக வேலை செய்யாது; பெரியவர்களான நமக்கே அப்போது செய்வதில்லை. உங்கள் குரலும் மூச்சும் தணிந்தால், அதைப் பற்றிக்கொண்டு அவனுடையதும் தணியும். தானாகத் தணிந்துகொள்ளும் திறமை வருவதற்கு முன், இன்னொருவரைப் பிடித்துக்கொண்டு தணியும் காலம் ஒன்று எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. சிலருக்கு அந்தக் காலம் நீள்கிறது.

'விட மாட்டேன்' என்பது மென்மையான சொல் அல்ல என்பதைக் கவனித்திருப்பீர்கள். உங்கள் கடைசிக் கேள்விக்கு என் விடை அதுதான். குரலில் கனிவும் கையில் உறுதியும் ஒரே சமயத்தில் இருக்கலாம்; கெடுப்பது மென்மை அல்ல, இன்று சிரித்துவிட்டு நாளை அதே செயலுக்குக் கத்துவதுதான்.

தணிவதற்கு ஓர் இடமும் வேண்டும். பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு பாய் போதும். உங்கள் ஊரில் கட்டிங் வேஸ்ட் துணிக்கா பஞ்சம்? அதை அடைத்துத் தைத்த ஒரு பொம்மையை அங்கே வைத்துவிடுங்கள், அணைக்கலாம், பிசையலாம். ஆனால் அந்தப் பாய் தண்டனை இடமாக ஆகிவிட்டால் அதோடு அதன் பயன் தீர்ந்தது. எல்லாக் குழந்தைகளும் போகலாம், நீங்களும் போய் உட்காரலாம். 'எனக்குத் தலை வலிக்குது, ரெண்டு நிமிஷம் பாயில உட்காரப் போறேன்' என்று ஒரு நாள் சொல்லிவிட்டு நீங்களே போய் உட்காருங்கள். எந்தப் பாடமும் அந்த அளவுக்குப் பதியாது. சூடான இட்லியை ஊதுவதுபோல மெல்ல ஊதும் மூச்சுப் பயிற்சியை எல்லோரும் அமைதியாக இருக்கும் காலை நேரத்தில் விளையாட்டாகப் பழக்குங்கள். கோபம் வந்தபின் கற்றுக்கொடுக்க முயல்வது, வெள்ளத்தில் இறங்கியவனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பதற்குச் சமம்.

மன்னிப்புக்கு வருகிறேன். அவன் சொல்லும் 'ஸாரி' சுங்கச்சாவடியில் கட்டும் பணம் மாதிரி. கட்டினால் கேட் திறக்கும் என்று தெரிந்துகொண்டிருக்கிறான். அதற்குப் பதிலாக, அவன் தணிந்த பிறகு, அது கால்மணி நேரம் ஆனாலும் சரி, கடிபட்ட குழந்தையின் கையை இருவருமாகப் போய்ப் பாருங்கள். 'பல் பதிஞ்சிருக்கு பாரு. என்ன செஞ்சா அவனுக்குக் கொஞ்சம் நல்லா இருக்கும்?' என்று கேளுங்கள். ஈரத்துணி நனைத்துக் கொண்டுவருவது, தண்ணீர் மொண்டு தருவது என்று அவனே ஏதாவது சொல்வான். சொல்லாவிட்டால் நீங்கள் இரண்டு வழி சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கடிபட்ட குழந்தை வேண்டாம் என்றால் அதையும் மதிக்க வேண்டும்; 'பரவாயில்லை' என்று சொல்லும்படி அவனைக் கட்டாயப்படுத்தக்கூடாது.

நட்சத்திர அட்டையை இன்றைக்கே கழற்றிவிடுங்கள் என்பேன். வெறுமையான அந்தக் கட்டம் அவனுக்கு மட்டுமல்ல, எழுதப் படிக்கத் தொடங்காத குழந்தைகளுக்கும் புரியும் ஒரே எழுத்தாகச் சுவரில் இருக்கிறது. நட்சத்திரம் வாங்குகிற குழந்தைகளுக்கும் அதனால் பெரிய நன்மை இல்லை. உளவியலாளர் மார்க் லெப்பர் குழுவினர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதை விரும்பிச் செய்துவந்த மழலையர் சிலருக்கு 'வரைந்தால் சான்றிதழ் தருவோம்' என்று முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தார்கள். சில நாள் கழித்துச் சான்றிதழ் எதுவும் இல்லாமல் வண்ணப் பேனாக்களை வைத்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் செலவிட்டதில் ஏறக்குறையப் பாதி நேரமே அதில் செலவிட்டார்கள். பாராட்டக்கூடாது என்று சொல்லவில்லை. 'நல்ல பையன்' என்பதைவிட, 'அவன் பென்சிலை எடுத்தப்போ நீ கையைக் கட்டிக்கிட்டு என்னைக் கூப்பிட்ட, பார்த்தேன்' என்பது அவனுக்குத் தான் செய்தது என்ன என்று காட்டுகிறது.

'நாய்' என்ற பெயரை மற்ற குழந்தைகள் எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேட்டால் வருந்துவீர்கள். அந்தச் சொல் உங்களுடையது அல்ல என்று நம்புகிறேன். ஆனால் அவனை எப்படிப் பார்க்கலாம் என்பதை 27 பேரும் உங்கள் முகத்திலிருந்துதான் எடுக்கிறார்கள். கேட்டவுடன் நிறுத்துங்கள்: 'அவனுக்குப் பேர் இருக்கு. இந்த வகுப்புல பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம்.' பிறகு அவன் கலந்துகொள்ளும்படியான விளையாட்டுகளுக்கு இடம் கொடுங்கள். 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பறையில் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் ஏற்கெனவே நேரம் இருக்கிறது. நம்முடைய பழைய 'குலை குலையா முந்திரிக்கா' விளையாட்டில் ஒரு குழந்தை துணியைப் பின்னால் மறைத்துக்கொண்டு சுற்றிவரும்போது மற்றவர்கள் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். தன் பின்னால் துணி போடப்பட்ட பிறகே எழுந்து ஓடலாம். ஆசையை அடக்கிக் காத்திருப்பது, முறை வரும்போது பாய்வது, தோற்றால் சிரித்துக்கொண்டு உட்காருவது ஆகிய மூன்றையும் இதைவிட நன்றாகக் கற்றுக்கொடுக்கும் பாடத்திட்டம் எனக்குத் தெரியாது. முதல் சில நாள் அவனை உங்கள் மடிக்கு அருகில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

சக ஆசிரியரின் பழமொழிக்கு நீண்ட பதில் தேவையில்லை. குழந்தை மாடு அல்ல; மாட்டையுமே அடிக்காமல் பழக்கும் உழவர்கள் கொங்கு நாட்டில் இருக்கிறார்கள். 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. அடிக்கக்கூடாது என்பதை அடித்துக் கற்றுக்கொடுக்க முடியாது என்பதை அவருக்குத் தனியாக, பணிவாகச் சொல்லிப் பாருங்கள்.

கடிபட்ட குழந்தையின் தாயுடைய கோபம் நியாயமானது, அதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். 'உங்க பொண்ணு கையைப் பார்த்து எனக்கும் கஷ்டமா இருந்துச்சுங்க. அவ பக்கத்துல இனி நான் இருப்பேன்' என்று சொல்லி, என்ன செய்யப் போகிறீர்கள் என்பதையும் விளக்குங்கள். அந்தச் சிறுவனின் வீட்டு நிலவரத்தை மட்டும் அவரிடம் பேசவேண்டாம். சிறுவனின் தாயைப் பள்ளி வாசலில் பத்துப் பேர் நடுவில் நிறுத்தாமல், ஷிப்ட் முடிந்து வீடு சேரும் நேரத்தில் தொலைபேசியில் அழையுங்கள். முதல் இரண்டு அழைப்புகளில் கடித்ததைப் பற்றியே பேசாதீர்கள். அவன் இன்று சாக்பீஸ் டப்பா வைத்ததைச் சொல்லுங்கள். பள்ளியிலிருந்து போன் என்றாலே புகார் என்று பழகிப்போன ஒரு தாய், மூன்றாவது அழைப்பில்தான் வீட்டில் என்ன நடக்கிறது என்று வாயைத் திறப்பார்.

ஒடியா பேசும் சிறுமியைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்பட வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். புது மொழிக்குள் வந்து விழுந்த குழந்தை சில வாரமோ சில மாதமோ வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு; அந்த மௌனத்தில் வேலை நடந்துகொண்டிருக்கிறது. நீங்கள் சொல்வதைக் கண்ணால் பின்தொடர்கிறாளா, மற்றவர்களைப் பார்த்து வேலைகளைச் செய்கிறாளா, வீட்டில் தாராளமாகப் பேசுகிறாளா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் பொறுத்திருக்கலாம். மொழி நன்றாகப் புரியத் தொடங்கிய பிறகும் பல மாதங்கள் பள்ளியில் மட்டும் வாய் திறக்கவில்லை என்றால், அது பயம் சார்ந்த வேறு விஷயம். அப்போது சிறப்புப் பயிற்றுநரிடம் காட்டவேண்டும். இப்போதைக்குப் பேசச் சொல்லி எல்லோர் முன்னும் எழுப்பாதீர்கள். தலையசைப்பதும் சுட்டிக்காட்டுவதும் விடையாகவே ஏற்றுக்கொள்ளப்படட்டும். தண்ணீர், வலி, கழிப்பறை ஆகியவற்றுக்கு ஒடியாவில் என்ன சொல்வார்கள் என்று அவள் அம்மாவிடம் கேட்டு, நீங்கள் அதைத் தப்பும் தவறுமாகச் சொல்லிப் பாருங்கள். டீச்சருக்கும் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்பதில் குழந்தைக்கு வரும் சிரிப்பு தனி. பொம்மலாட்டப் பொம்மையை அவள் கையில் மாட்டிவிட்டால், பல சமயம் முதல் வார்த்தை அந்தப் பொம்மையின் வாயிலிருந்துதான் வரும்.

காலாண்டு விடுமுறைக்குள் கடிப்பது வாரத்துக்கு ஒன்று என்று குறைந்தாலே போதுமான முன்னேற்றம். விடுமுறை முடிந்து வரும் முதல் மூன்று நாள்கள் பழையபடி ஆகும். அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாமல், அந்த மூன்று நாளும் சாக்பீஸ் டப்பாவோடு நீங்களே வாசற்படிக்குப் போய் நில்லுங்கள். நோட்டில் பத்து நாள் எழுதியதை எனக்கு அனுப்பினால், எந்த நேரத்தில் எதை மாற்றலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.